நர்சிங் சேரப் பணம் கட்டும் முன்: நம்ம குமரி வீடுகளில் நடக்கும் தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கமெல்லாம் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "நர்சிங் சீட் இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் போட்டாத்தான் கிடைக்கும்" என்பார்கள். நான் பிரசவ வார்டில் வேலை பார்த்துப் பத்து வருடம் தாண்டிவிட்டது. என்னிடம் யோசனை கேட்டு வருகிற ஒவ்வொரு அம்மாவிடமும் முதலில் சொல்வது, அந்த அட்வான்ஸைப் போடாதீர்கள் என்பதுதான்.

எங்கள் வீட்டில் போட்டோம். அப்பாவுக்கு குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. அம்மாவின் செயினை அடகு வைத்து, ஒரு ஏஜென்ட் கையில் இருபதாயிரம் ரூபாய் கொடுத்தோம். கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. பேனாவால் எழுதிய தொகை, தேதி, கீழே சுழித்த ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கல்லூரியின் பெயரும் இல்லை, சீலும் இல்லை. சேரப் போன அன்றைக்கு, அப்படி ஒரு பணம் கல்லூரிக் கணக்கில் வரவே இல்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அம்மா அந்தச் சீட்டை மடித்து மடித்துப் பர்ஸுக்குள் வைத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்லூரியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் போக வேண்டும், அச்சடித்த ரசீது கைக்கு வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்தை எங்கே போய்க் கேட்பீர்கள்?

ஃபீஸ் பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று. படித்து முடித்தால் மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு கிடைக்குமா? ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். முறையான இடத்தில் இந்த இரண்டில் எதைப் படித்தாலும் நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்) இரண்டாகவும் பதிவு உண்டு. ஏ.என்.எம். என்கிற துணை நர்ஸ் படிப்பு 2 வருடம், அதற்குத் தனிப் பதிவு. ஆனால் 'ஒரு வருட நர்சிங்' என்று டவுனில் மாடி அறைகளில் நடத்துகிறார்களே, அதை முடித்தால் பதிவே கிடையாது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. வழியாக வேலைக்கு மனு போட முடியாது, வளைகுடாவுக்கு நர்ஸாகப் போகவும் முடியாது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று அதில் பிள்ளையைச் சேர்த்த குடும்பங்கள்தான் கடைசியில் இரண்டு மடங்கு செலவழித்து நிற்கின்றன. பெங்களூரில் சேர்த்தால் முதலில் அந்த மாநில கவுன்சிலில் பதிய வேண்டும், இங்கே வேலை பார்க்க அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கித் திரும்பவும் தமிழ்நாட்டில் பதிய வேண்டும். அந்தப் பணமும் அலைச்சலும் ஏஜென்ட் வாயில் வரவே வராது.

அப்புறம் ஆஸ்பத்திரி. கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்பது ஐ.என்.சி. (இந்திய நர்சிங் கவுன்சில்) விதி. நேரில் போய்ப் பாருங்கள், அங்கே பிரசவம் நடக்கிறதா என்று வாட்ச்மேனிடமாவது கேளுங்கள். நடக்கவில்லையென்றால் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், அந்தப் பஸ் காசும், ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கான கிளினிக்கல் ஃபீஸும் உங்கள் தலையில்தான் விழும். சில நாள் எங்கள் லேபர் டேபிளைச் சுற்றி எட்டு மாணவிகள் நிற்பார்கள். தலை வெளியே வரும் நேரத்தில் பெரினியத்தை (பிறப்பு வாசலுக்குக் கீழே உள்ள பகுதியை) தாங்கிப் பிடிக்கிற கை ஒருத்தியின் கை மட்டும்தான். மற்ற ஏழு பேரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் கேஸ் புக் எழுதுவார்கள். மூன்று வருடம் பணம் கட்டிவிட்டு ஒரு பிள்ளை பிரசவம் பார்க்கத் தெரியாமல் வெளியே வந்தால், அந்த நஷ்டத்தை எந்த ஸ்காலர்ஷிப்பால் ஈடுகட்ட முடியும்?

போனில் சொல்கிற தொகை பெரும்பாலும் முதல் வருட டியூஷன் ஃபீஸ்தான். ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம், பரீட்சை, பஸ், கடைசியில் கவுன்சில் பதிவு என்று எல்லா வருடத்துக்கும் சேர்த்து கல்லூரி லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேங்குக்கும் அதுதான் வேண்டும்.

பேங்க் என்றதும் நம்ம ஆட்களுக்கு ஒரு தயக்கம். நகையைக் கொண்டுபோய் வைத்தால் அரை மணி நேரத்தில் காசு கிடைக்கிறதே என்பார்கள். நகைக் கடனை வருடா வருடம் திருப்ப வேண்டும் அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் ஏலம். கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை, கைப்பணமும் போட வேண்டியதில்லை. அங்கீகாரம் உள்ள நர்சிங் டிப்ளமோவுக்கும் இந்தக் கடன் உண்டு, ஹாஸ்டலும் யூனிஃபார்மும் அதில் சேரும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தவணை கட்ட வேண்டாத அந்தக் காலத்துக்கான வட்டிக்கு மத்திய அரசின் மானியம் இருக்கிறது. அது தானாக வராது, வருமானச் சான்றிதழை முதல் வருடமே கொடுத்து, மானியத்துக்கு என் பெயர் போயிருக்கிறதா என்று பேங்கில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மானியம் இல்லாதவர்கள் மாதா மாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தாலே பெரிய உதவி. மேனேஜ்மென்ட் சீட் என்றால் பல கிளைகளில் இழுத்தடிப்பார்கள். அதனால் கடன் கிடைக்குமா என்று தெரிந்த பிறகு சீட்டை உறுதி செய்யுங்கள், முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு பேங்குக்கு ஓடாதீர்கள்.

இன்னொன்று, ஃபீஸ் கேட்கும் மாதம். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடை, அதே மாதங்களில் மழையால் பால்வெட்டும் நின்றுவிடும். குளச்சலிலும் குலசேகரத்திலும் கை காய்ந்திருக்கிற அந்தச் சமயத்தை ஒட்டித்தான் அட்மிஷன் வருகிறது. தவணையாகக் கட்டலாமா என்று சேரும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் தருகிறார்கள், பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த நம்ம மாவட்டத்தில் இது தெரியாமலே விடுகிற வீடுகள் இருக்கின்றன. எஸ்.சி. பிள்ளைகளுக்கு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு, கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் தமிழ்நாட்டில் தருகிறார்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, படித்து முடித்ததும் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்ய வேண்டும் என்று பாண்டில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஐ.என்.சி. பாண்ட் முறையை ஏற்பதில்லை. ஃபீஸ் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது.

என் அக்கா மகளைச் சேர்க்கப் போனபோது, ஆபீஸில் முழுச் செலவையும் எழுதிக் கேட்டோம். "போன்ல சொன்னோமே" என்றார்கள். "எழுதித் தாங்க, பேங்குக்கு வேணும்" என்று அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள் அவள். மத்தியானம் லெட்டர் வந்தது. போனில் சொல்லாத நாலு வரி அதில் இருந்தது. "சித்தி, இந்தக் கிளினிக்கல் ஃபீஸ் வருஷா வருஷமா, ஒரே தடவையா?" என்று கேட்டாள். அதையும் கேட்டு, அதே தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினோம்.