அப்புத்தளைக்கு வருகிறீர்களா? விடியமுன் எழும்பத் தயாராக வாருங்கள்

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். இப்போது வேலை கொழும்பில். ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் எல்லோரும் கேட்பது, "நுவரெலியா போகலாமா, அப்புத்தளை போகலாமா?" என்பதுதான். பூங்கா, ஏரி, படகு, குதிரைச் சவாரி வேண்டுமென்றால் நுவரெலியாவே போங்கள். அப்புத்தளை டவுனில் ஒரு பஜார், ஒரு ஸ்டேஷன், கொஞ்சம் சாப்பாட்டுக் கடைகள், அவ்வளவுதான். ஆனால் அந்த டவுன் இருப்பது 1,400 மீட்டருக்கு மேலே, ஒரு மலை முகட்டின் மேல். தெற்கே நிலம் சட்டென்று சரிந்து சமவெளிக்கு இறங்கிவிடும். பார்க்க வேண்டியது அந்தச் சரிவைத்தான், அதுவும் காலையில்தான்.

ஏன் காலை? வெயில் ஏற ஏறக் கீழே சமவெளி சூடாகும். அங்கிருந்து ஈரக்காற்று மலையில் முட்டி மேலேறும், ஏறும்போதே குளிர்ந்து மேகமாகிவிடும். பத்து மணி போல முகடு முழுக்க வெள்ளை. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் மத்தியானம் வந்து சேர்ந்து, பனிமூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டு, மறுநாள் ஒன்பது மணிக்கு எழும்பி மறுபடியும் பனிமூட்டத்தையே பார்த்துவிட்டு, "ஒன்றுமே தெரியவில்லை" என்று குறைப்பட்டுப் போவார்கள். ஆகவே குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். ஒரு காலை மழையில் போனாலும் இன்னொன்று மிஞ்சும்.

வருவதற்கு ரயில்தான் அழகு. கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை போகும் ரயிலில் ஏறினால் ஒன்பது மணி நேரம் போல ஆகும். முன்கூட்டியே இருக்கை பதிவு செய்யுங்கள், விடுமுறை நாள்களில் நிற்கவும் இடம் கிடைக்காது. பட்டிப்பொளை தாண்டிச் சுரங்கத்தைக் கடந்தால் ஊவா மாகாணம். அங்கிருந்து ஒஹிய, இதல்கஸ்ஹின்ன வழியாக அப்புத்தளை வரை பள்ளம் வலப்பக்கம்தான் அதிகம். கண்டி ஸ்டேஷனுக்குள் போய் வரும் ரயிலில் அங்கே எஞ்சின் முனை மாறும், அதனால் பக்கமும் மாறிவிடும். கோட்டையில் ஏறும்போதே இதை யோசித்து உட்காருங்கள். அடைமழைக் காலத்தில் மண் சரிந்து பாதை மூடுவது வழக்கம், ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் யாரையும் கூப்பிட மாட்டேன். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியது. மழை பிடித்தால் எங்கள் ஆட்களுக்கு இன்னும் தூக்கம் வராது. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல வானம். ஜூலை முதல் செப்டம்பர் வரை காற்று ஆளைத் தள்ளும், ஆனால் அதுதான் ஊவாத் தேயிலையின் பருவம். அந்த வறண்ட காற்றில் காயும் கொழுந்துக்கு ஒரு புதினா வாசம் வரும்.

சரி, காலைக்கு வருவோம். லிப்டன் சீட் என்ற மலையுச்சிக்குப் போக ஐந்து மணிக்கு ஆட்டோ வரச் சொல்லி முதல் நாளே பேசுங்கள், விலையையும் அப்போதே முடித்துவிடுங்கள். ஏறுவதற்கு மட்டும் பேசினால் போதும். டவுனிலிருந்து தம்பேதென்னைத் தோட்டம் பத்து கிலோமீட்டர் போல, அங்கிருந்து உச்சிக்கு இன்னும் ஏழு. தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டன் 1890இல் தோட்டங்களை வாங்கியபின் உட்கார்ந்து பார்த்த இடம் என்பதால் அந்தப் பெயர். இப்போது கையில் கோப்பையோடு அவருடைய சிலை உட்கார்ந்திருக்கிறது. நல்ல காலையில் உடவளவை நீர்த்தேக்கம் வரை தெரியும். உச்சியில் சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிளேன்டீயும் கிடைக்கும். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

இறங்கும்போது நடங்கள். ஆட்டோவில் இறங்கினால் பாதி அப்புத்தளையை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஏழரை, எட்டு மணிக்குக் கொழுந்தெடுப்பவர்கள் மலைக்கு ஏறுவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். இங்கே தமிழ்தான் பேச்சு, "வணக்கம் அக்கா" என்றால் நின்று பேசுவார்கள். ஒன்று மட்டும் கவனம். என் அம்மாவும் கொழுந்தெடுத்தவர், அதனால் சொல்கிறேன். அவர்களுக்கு நிறுவையில் ஏறும் கிலோதான் கணக்கு. நீங்கள் கூடையை வாங்கி முதுகில் மாட்டி, அவரை நிற்க வைத்து, திரும்ப வைத்து, சிரிக்க வைத்துப் படமெடுக்கும் கால்மணி நேரத்தில் அவருடைய கொழுந்து குறைகிறது. கேட்டுவிட்டு எடுங்கள், சீக்கிரம் எடுங்கள், அவருடைய நேரத்துக்காகக் கையில் ஏதாவது கொடுங்கள். லயத்து வாசலை எட்டிப் பார்த்துப் படமெடுப்பது வேண்டவே வேண்டாம், அது வீடு.

கீழே தம்பேதென்னை ஸ்டோர், 1890இல் லிப்டன் கட்டியது. எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை என்றால் ஸ்டோர்தான். முந்தின நாள் கொழுந்தை இரவெல்லாம் காற்றில் வாட்டி, விடியற்காலையில் உருட்டத் தொடங்குவார்கள். ஆகவே காலையில் போனால்தான் இயந்திரம் ஓடுவதைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் நின்றிருக்கலாம், கேட்டுவிட்டுப் போங்கள். தூள் வாங்கும்போது பால் தேத்தண்ணிக்கு பி.ஓ.பி.எஃப். என்ற பொடி ரகம் கேளுங்கள், பாலில்லாமல் வெறுஞ்சாயமாகக் குடிப்பவர்களுக்கு ஓ.பி. என்ற பெரிய இலை ரகம் நல்லது. 'டஸ்ட்' என்ற பெயரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அது தூளின் பருமனைக் குறிக்கும் ரகம். அங்கிருந்து டவுனுக்குத் தோட்டத்து ஆட்கள் போகும் பஸ் உண்டு.

மத்தியானம் மூட்டத்தில் செய்ய ஒன்று இருக்கிறது: அடிஷம் பங்களா. டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர். வில்லியர்ஸ் என்ற துரை 1931இல் கட்டிய கருங்கல் வீடு, இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பொது விடுமுறை நாள்களில்தான் திறப்பார்கள். துறவிகள் செய்யும் ஜாமும் பழப்பாகும் வாங்கலாம். பக்கத்தில் தங்கமலைக் காடு. மழை பெய்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும், காலுறை மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்கும் இங்கிருந்து போகலாம், அதற்கும் விடியமுன் கிளம்ப வேண்டும் என்பதால் தனி நாள் ஒதுக்குங்கள்.

திரும்பும்போது ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் பதுளை–கொழும்பு 99ஆம் இலக்க பஸ் டவுனுக்குள்ளேயே வரும். பெரகல, பலாங்கொடை, இரத்தினபுரி வழி. பெரகல இறக்கத்தில் வளைவுகள் அதிகம், தலை சுற்றுகிறவர்கள் காலைச் சாப்பாட்டை ஹல்துமுல்லை தாண்டியபின் வைத்துக்கொள்வது நல்லது.