மனித உரிமைப் பட்டத்தில் தெரிவுப் பாடம்: மலையக மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனித உரிமைகளைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகும் மலையகப் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பாடங்களால் பெரிதாகச் சிக்கல் வருவதில்லை. அவற்றைப் பீடமே தீர்மானித்துவிடும். கை தடுமாறுவது தெரிவுப் பாடங்களில்தான். செமஸ்டர் தொடங்கிய சில நாட்களுக்குள் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள தலைப்புகள் எல்லாமே நல்லதாகத் தெரியும். கூட்டாளிகள் நாலு பேர் ஒரு பாடத்துக்குப் போனால் ஐந்தாவது ஆளும் பின்னால் போவார்.

அந்தத் தெரிவின் விலை பிறகுதான் தெரியும். படித்து முடித்து ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வேலைக்குச் சேர்ந்தவரிடம் தோட்டத்து அம்மா ஒருவர் ஒரு கடிதத்தை நீட்டி, "இதுக்கு என்னா செய்யலாம் தம்பி?" என்று கேட்பார். ஜெனீவாவில் எந்தக் குழு எப்போது கூடும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, அந்தக் கடிதத்தோடு எந்த அலுவலகத்துக்கு எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாது. தெரிவுப் பாடங்களைச் சரியாக எடுத்திருந்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது.

தலைப்பைப் பார்த்து மயங்குவது

அதிகம் நடக்கும் தவறு இது. நம் தாத்தா பாட்டியின் குடியுரிமை பறிபோன வரலாற்றைச் சட்டமாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையில் "அகதிகள் சட்டம்" என்ற பாடத்தை எடுப்பார்கள். அந்தப் பாடம் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையைச் சுற்றியே ஓடும். துன்புறுத்தலுக்குப் பயந்து எல்லை தாண்டியவர் அகதி. எந்த நாடும் தன் சட்டப்படி குடிமகனாக ஏற்காதவர் நாடற்றவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத்தவர் ஆனது நாடற்றவர்களாக. அதற்குரிய உடன்படிக்கைகள் 1954, 1961ஆம் ஆண்டுகளுக்குரியவை. இலங்கை இந்த மூன்றிலும் இணையவில்லை. ஆகவே இந்தியாவோடு செய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம், 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் என்ற நீண்ட கதை அகதிகள் சட்ட வகுப்பில் ஓரமாக வந்தாலே பெரிது. அதைப் படிக்க வேண்டுமானால் குடியுரிமை, நாடற்ற நிலை, அரசியலமைப்பு வரலாறு ஆகியவற்றில் எது பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று தேடுங்கள்.

இன்னொன்று, ஆட்சார் சட்டங்கள், அதாவது குறிப்பிட்ட சமூகத்தவருக்கு மட்டும் உரிய திருமண, வாரிசுரிமைச் சட்டங்கள். "தமிழருக்குரிய சட்டம்" என்ற எண்ணத்தில் தேசவழமையை எடுக்கிறார்கள். அது வட மாகாணத் தமிழருக்கு உரியது. மலையகத் தமிழரின் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் பொதுச் சட்டமே பொருந்தும். கண்டியச் சட்டமும் கண்டிய சிங்களவருக்கு உரியது, கண்டியில் குடியிருப்பதால் மட்டும் அது எவருக்கும் பொருந்திவிடாது. ஒப்பீட்டுக்காகப் படிப்பதென்றால் தேசவழமை அருமையான பாடம். தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்ல உதவும் என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம்தான்.

தலைப்புக்குக் கீழே உள்ள நாலு பக்கப் பாட விவரத்தைக் கட்டாயம் வாசியுங்கள். முதலில் கிழமைவாரித் தலைப்புகள், அடுத்து வாசிப்புப் பட்டியல், பிறகு மதிப்பீட்டு முறை. பதினைந்து கிழமைகளில் பன்னிரண்டு கிழமை ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகளே இருந்தால், "சிறுபான்மையினர் உரிமைகள்" என்ற தலைப்பு எவ்வளவு இனித்தாலும் அதில் நம் பக்கத்துச் செய்தி குறைவாகவே இருக்கும். சீனியர்மார் தரும் பழைய விவரத்தை நம்ப வேண்டாம். விரிவுரையாளர் மாறினால் பாடமே மாறிவிடும்.

சர்வதேசப் பாடங்களையே அடுக்குவது

இதுதான் ஆகப் பெரிய தவறு. சர்வதேச மனித உரிமைச் சட்டம், சர்வதேச மனிதாபிமானச் சட்டம், சர்வதேசக் குற்றவியல் சட்டம், ஐக்கிய நாடுகள் பொறிமுறைகள் என்று வரிசையாக எடுப்பவர்கள் நிறைய. பாடப்பட்டியலில் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் இலங்கையில் ஓர் உடன்படிக்கையில் அரசு கையெழுத்திட்டதும் அது தானாக நீதிமன்றத்தில் செல்லுபடியாகிவிடாது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்க வேண்டும். குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை 1980இலும், தனிநபர் முறைப்பாட்டுக்கு வழிவிடும் அதன் விருப்ப நெறிமுறையில் 1997இலும் இணைந்தது. அந்த வழியில் போன நல்லரத்தினம் சிங்கராசா என்ற கைதிக்கு ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் சாதகமான கருத்துக் கிடைத்தது. ஆனாலும் 2006இல் உயர் நீதிமன்றம், அந்த நெறிமுறையில் இணைந்தது அரசியலமைப்புக்கு முரண், உள்நாட்டில் அதற்குச் சட்டவலு இல்லை என்று தீர்த்தது. அதற்குப் பின்தான் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதுவும் உடன்படிக்கையின் ஒரு பகுதியை மட்டுமே உள்ளே கொண்டுவந்தது. இந்த ஒரு வழக்கைப் புரிந்துகொண்டவர் ஐந்து சர்வதேசப் பாடங்களை ஒருசேர எடுக்கமாட்டார். இரண்டு போதும். மற்ற இடங்களை உள்நாட்டுச் சட்டத்துக்கும் நடைமுறைக்கும் ஒதுக்குங்கள்.

உள்நாட்டுச் சட்டம் என்றால் அடிப்படை உரிமைகள் மட்டும்தான் என்று நினைப்பது அடுத்த சறுக்கல். அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின்படி மனுப்போட முடிவது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான். மனுவைக் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்தில், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போய்விட்டது. ஆகவே தோட்டத் துரை (மேலாளர்) ஒருவர் தொழிலாளியை அநியாயமாக வேலையிலிருந்து நிறுத்தினால் பொதுவாக அது அடிப்படை உரிமை மனுவுக்குள் அகப்படாது. அரசே நடத்தும் தோட்டமென்றால் கணக்கு மாறலாம். கம்பனித் தோட்டத்தில் வழி 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் இருக்கிறது: தொழிலாளியோ அவர் சார்பில் தொழிற்சங்கமோ ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளம் என்றால் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். பிரசவக் கொடுப்பனவு என்றால் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம். சேமலாப நிதி கட்டப்படவில்லை என்றால் தொழில் திணைக்களம்.

இவையெல்லாம் "தொழில் சட்டம்" என்ற பாடத்துக்குள் வருகின்றன. "மனித உரிமை" என்ற சொல் தலைப்பில் இல்லை என்பதற்காக அதைத் தாண்டிப் போகிறார்கள். மலையகத்தில் வேலை செய்யப் போகிறவர் ஒரே ஒரு தெரிவுப் பாடம்தான் எடுக்க முடியும் என்றால் நாங்கள் சொல்வது தொழில் சட்டத்தைத்தான். அடுத்ததாக நிர்வாகச் சட்டம்.

நிர்வாகச் சட்டம், நடைமுறைச் சட்டம், சட்ட உதவி நிலையப் பயிற்சி போன்ற பாடங்களில்தான் காலக்கெடுவின் அருமை புரியும். ஓர் உதாரணம். மனித உரிமைகள் ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை உயர் நீதிமன்றத்துக்குரிய ஒரு மாதக் கணக்கில் சேர்க்காது. கண்டியிலோ பதுளையிலோ உள்ள பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாட்டை ஒப்படைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விசாரணை உண்மையாகவே நிலுவையில் இருந்ததைக் காட்டும்படி உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கேட்டிருக்கிறது. முறைப்பாட்டு இலக்கம், ஆணைக்குழு அனுப்பிய கடிதம், விசாரணைக்கு அழைத்த திகதி ஆகியவற்றைக் கோப்பில் வைக்காததால் நல்ல மனுக்கள் தொடக்கத்திலேயே தள்ளுபடியாகின்றன. இதைச் சொல்லித்தரும் பாடத்தில் சோர்வு தட்டலாம். எடுங்கள்.

ஆய்வு முறையியலுக்குப் பயப்படுவது

புள்ளிவிவரம் என்றதும் கலைப்பீடத்து மாணவர் ஒதுங்குகிறார்கள். மலையகத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு அந்த ஒதுங்கல் ஆபத்தானது. 1953ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் "இந்தியத் தமிழர்" என்று பதியப்பட்ட மலையகத்தவர் நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 12 சதவீதம். 1981இல் ஐந்தரை. 2012இல் நாலைச் சற்றுத் தாண்டிய அளவு. தாயகம் திரும்பியவர்கள் ஒரு காரணம். மலையகத்தவர் பலர் தங்களை "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்டது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதை அறியாமல் மாவட்டவாரி எண்களை எடுத்து வறுமை, கல்வி என்று சதவீதம் போட்டால் ஆய்வுக்கட்டுரையின் அத்திவாரமே பிழைத்துவிடும். ஓர் அட்டவணையை நம்பலாமா என்று கேட்கக் கற்றுத்தரும் பாடம் இது.

நேர்காணல் முறையும் இதற்குள் அடங்கும். லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், போய்ப் பேசும்போது பக்கத்துக் காம்பராவுக்குக் (அறைக்குக்) கேட்கும். வேலையை மேற்பார்க்கும் கங்காணி காதில் விழுந்தால் பேசியவருக்கு மறுநாள் வேலைத்தலத்தில் தொந்தரவு வரலாம். எங்கே பேசுவது, ஒப்புதலை எப்படிப் பெறுவது, பெயரை எப்படி மறைப்பது, பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி எப்போது தேவை என்பவற்றை முறையாகப் படிக்காமல் களத்துக்குப் போகக் கூடாது. ஆய்வுக்கட்டுரை எழுதும் செமஸ்டருக்கு முந்திய செமஸ்டரில் இந்தப் பாடம் முடிந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக எடுப்பவருக்கு அனுமதி வருவதற்குள் பாதிச் செமஸ்டர் போய்விடும்.

எல்லா ஒப்படையையும் ஒரே தலைப்பில் எழுதுவது

குடியுரிமைப் பாடத்துக்கும் லயம், சிறுவர் உரிமைக்கும் லயம், பெண்ணுரிமைக்கும் லயம் என்று எழுதும்போது பந்திகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயர்கின்றன. சொந்த எழுத்தை இன்னொரு பாடத்துக்கு மீளச் சமர்ப்பிப்பதையும் பல்கலைக்கழகங்கள் முறைகேடாகவே பார்க்கின்றன. அதைவிடக் கவலை, பிள்ளையின் பார்வை குறுகுவது. ஊனமுற்றோர் உரிமைகள், தகவல் அறியும் உரிமை, சுற்றாடல் சட்டம் போன்றவற்றில் ஒன்றாவது எடுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டதை நினைத்தால், சுற்றாடல் சட்டம் நமக்குத் தூரத்துப் பாடம் இல்லை என்பது விளங்கும். அபாய அறிவித்தல், மாற்றுக் காணி, வீட்டு உறுதி எல்லாம் அங்கே ஒரே கேள்வியாகச் சேர்கின்றன. தகவல் அறியும் சட்டமும் அப்படித்தான்: பகிரங்க அதிகாரசபை 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஒரு தோட்டத்து வீடமைப்புப் பயனாளிப் பட்டியலைக் கேட்டுப் பெற அந்த ஒரு பாடம் போதும்.

மொழியை மறப்பது

விரிவுரை எந்த மொழியில், வாசிப்பு எந்த மொழியில், பரீட்சை எந்த மொழியில் என்று மூன்றாகக் கேளுங்கள். தமிழில் விடை எழுதலாம் என்றாலும் வாசிக்க வேண்டிய தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய முதல் பாடத்தை இரண்டாம் ஆண்டிலேயே ஒன்று மட்டும் எடுத்துப் பழகுவது நல்லது. இறுதியாண்டில் மூன்றை ஒன்றாக எடுத்தால் மூச்சு முட்டும். சிங்களம் ஒரு தெரிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். பொலிஸ் நிலையத்தில் எழுதும் முறைப்பாட்டைத் தானே வாசித்துப் பார்க்கக்கூடியவர் பக்கத்தில் இருப்பது தோட்டத்து மக்களுக்கு எவ்வளவு பெரிய துணை.

கணக்குப் போடாமல் கையொப்பமிடுவது

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணி நேரம். அதில் 45 மணி நேரம் விரிவுரை போனால் 105 மணி நேரம் சொந்தப் படிப்பு, அதாவது கிழமைக்கு ஏழு மணி நேரம். ஐந்து பாடம் எடுத்தால் 35. வார இறுதியில் ஊருக்குப் போய் வீட்டு வேலையும் பார்க்கிற பிள்ளை இந்தக் கணக்கை முதலிலேயே பார்க்க வேண்டும். களப்பயணம் உள்ள பாடமென்றால் பஸ் காசையும் சேர்த்துப் பாருங்கள்.

"லேசாக ஏ கிடைக்கும்" என்று பாடம் தேடுவதன் பலனையும் எண்ணிப் பார்க்கலாம். 120 கிரெடிட் பட்டத்தில் ஒரு மூன்று கிரெடிட் பாடத்தில் "பி" தரத்துக்குப் பதில் "ஏ" எடுத்தால், நான்கு புள்ளி அளவில் இறுதிச் சராசரி கூடுவது 0.025. எட்டுப் பாடங்களை அப்படியே எடுத்தால் 0.2 வரும். வகுப்புச் சித்தியின் எல்லையில் நிற்பவருக்கு அது பெறுமதிதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டுத் தெரிவையும் அதற்காகவே செலவழித்தவரிடம் நேர்முகப் பரீட்சையில் "என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்டால் பதில் இருக்காது.

சட்டப் பாடங்களை நிறைய எடுத்தால் சட்டத்தரணியாகலாம் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. ஆக முடியாது. அதற்கு இலங்கைச் சட்டக் கல்லூரியின் வழியாகவே போக வேண்டும். சட்டமாணிப் பட்டத்துக்குக் கிடைக்கும் விலக்குகளை மனித உரிமைப் பட்டத்திடம் எதிர்பார்க்க வேண்டாம்.

படிவம் கொடுக்குமுன் நான்கு விடயங்களைத் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்: முன்தேவைப் பாடம் உண்டா, நேர அட்டவணையில் கட்டாயப் பாடத்தோடு மோதுகிறதா, எத்தனை பேர் சேராவிட்டால் பாடம் நிறுத்தப்படும், மாற்றுவதற்குக் கடைசித் திகதி எது. நிறுத்தப்படக்கூடிய பாடமென்றால் பதிலாக ஒன்றை முன்கூட்டியே முடிவுசெய்து, இரண்டின் முதல் வகுப்புகளுக்கும் போங்கள். பல பீடங்களில் 80 சதவீத வரவு தேவை. பிந்திச் சேர்ந்தவருக்கு முதல் இரண்டு கிழமையும் வரவில்லை என்றே பதிவாகும். பாடத்தை மாற்றினால் அந்தப் படிவத்தின் முத்திரையிட்ட பிரதியை வாங்கி வையுங்கள். பரீட்சை அனுமதிப் பத்திரத்தில் பழைய பாடத்தின் குறியீடே வந்துவிட்டால் பதிவாளர் கிளையில் காட்ட வேண்டியது அதைத்தான்.