எக்ஸ்பி மெஷினுக்கு எந்த கம்பைலர்?
கடலூர் முதுநகர் பக்கம் ஒரு எடைமேடை. அங்கே இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பிதான். சீரியல் கார்டுக்கு (வெளிக் கருவியைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற அட்டை) புது விண்டோஸ்ல ஓடுற டிரைவர் கிடையாது, மாத்த வழியில்லை. ரசீது புரோகிராம் எழுதணும், அதை எக்ஸ்பியில ஓடுற ஃபைலா மாத்தித் தர்ற கம்பைலர் வேணும்.

எனக்குப் பிடிச்ச கோ மொழி 1.10 பதிப்போட எக்ஸ்பியைக் கைவிட்டாச்சு, பைத்தான் 3.4-ஓட. கடைசியில சி++தான். மைக்ரோசாஃப்டோட விஷுவல் ஸ்டுடியோ 2017-ல எந்த செட்டிங்கும் மாத்தாம பில்டு பண்ணினா 'வேலிட் வின்32 அப்ளிகேஷன் இல்லை'ன்னு எக்ஸ்பி துப்பிடும். காரணம், இஎக்ஸ்இ தலைப்புல சப்சிஸ்டம் பதிப்பு (குறைஞ்சது எந்த விண்டோஸ் வேணும்ங்கிற எண்) 6.0-ன்னு இருக்கும், எக்ஸ்பிக்கு 5.01 வேணும். பிளாட்ஃபார்ம் டூல்செட்டை (எந்த கம்பைலர் தொகுப்புன்னு சொல்ற செட்டிங்) 'வி141 எக்ஸ்பி'க்கு மாத்தி, 32 பிட் வச்சேன். அதுவே 5.01 போட்டுக்குது. ரன்டைமையும் (புரோகிராம் ஓடத் தேவையான துணைக் கோடு) இஎக்ஸ்இ உள்ளேயே சேர்த்துட்டேன், அதுக்குன்னு தனியா டிஎல்எல் ஃபைல் வைக்கிற தொல்லை இல்லை (ஃபைல் கொஞ்சம் பெருசாகும், ஆகட்டும்).

முதல் ரசீதைப் பார்த்த ஓனர், "தம்பி, லாரி நம்பர் இன்னும் பெருசா வரட்டும்"னார்.