ஐந்து கல் தைப்பது எப்படி?

பிள்ளைகளுக்கு ஐந்து கல் விளையாட்டைக் கற்றுக்கொடுக்க விரும்பும் பெற்றோரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: கல்லை, அதாவது பயறு நிரப்பிய சின்னத் துணிப் பையை, நீங்களே தையுங்கள். நான் கடையில் வாங்கிப் பார்த்தவற்றில் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. கையில் கனமே தெரியவில்லை. தரையில் போட்டால் சறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. சிங்கப்பூரின் தோ பாயோவுக்குப் பெருவிரைவு ரயில் வந்த 1987-இல் நான் தொடக்கநிலை மாணவி. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் விளையாடிய சிறுமிகள் யாரும் கல்லைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. அம்மா ரவிக்கை தைத்து மிஞ்சிய துணி, பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) கொடுத்த பாத்திக் துணித்துண்டு, பழைய பள்ளிச் சீருடை என்று ஒவ்வொரு கல்லும் ஒரு நிறம்.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணிதான் ஏற்றது. வீட்டில் இல்லையென்றால் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்தின் மேல்மாடித் தையல் கடைகளில் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஐந்து துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சதுரமாக மடியுங்கள். மடிப்புக்கு எதிர்ப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி நெருக்கமாகத் தைத்து, வெளிப்புறமாகத் திருப்புங்கள்.

உள்ளே போட நான் பாசிப்பயற்றைத்தான் சொல்வேன். அரிசியில் வண்டு வைத்துவிடும். மணல் தையல் வழியே கசியும். நாங்கள் சாகா (மஞ்சாடி) மரத்தடியில் பொறுக்கிய சிவப்பு விதைகளையும் போட்டதுண்டு. அது முழுச் சிவப்பாக இருக்கும். கறுப்புப் புள்ளி உள்ள குன்றிமணி வேறு, அது நஞ்சு. குழந்தைகள் கையில் தரவே கூடாது. ஒரு கல்லுக்கு ஒன்றரைத் தேக்கரண்டிப் பயறு, அதாவது முக்கால் பங்கு. அதற்கு மேல் திணித்தால் புறங்கையில் தங்காமல் துள்ளி விழும். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்தான் கல் கையோடு படியும்.

அடுத்ததுதான் மக்சிக் எனக்குச் சொல்லிக்கொடுத்த நுட்பம். வாயை அடித்தையலுக்கு இணையாக மூடினால் சின்னத் தலையணைதான் கிடைக்கும். அப்படி மூடாமல், பக்கத் தையலும் எதிரே உள்ள மடிப்பும் ஒன்றையொன்று தொடும்படி வாயைக் கிள்ளிப் பிடியுங்கள். விளிம்பை அரை சென்டிமீட்டர் உள்ளே மடக்கித் தையுங்கள். இப்போது மேல்தையல் அடித்தையலுக்குக் குறுக்காக நிற்கும். பை நான்கு முகக் கூம்பாகிவிடும். எப்படி விழுந்தாலும் ஒரு முகம் தரையில் படிந்து, உருளாமல் நிற்கும். முடிச்சை உள்ளே தள்ளி நூலை நறுக்குங்கள்.

விளையாட்டை முதல் நான்கு கட்டங்களோடு தொடங்கினால் போதும். ஐந்தையும் தரையில் வீசி, ஒன்றை எடுத்து மேலே போட்டு, அது இறங்குவதற்குள் கீழே இருக்கும் ஒன்றை அள்ளிக்கொண்டு பிடிக்க வேண்டும். அடுத்த சுற்றில் இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், கடைசியில் நான்கையும் ஒரே அள்ளலில். பக்கத்துக் கல்லை விரல் அசைத்தால் ஆட்டம் போயிற்று. அதற்குப் பிறகான கட்டங்கள் புளோக்குக்குப் புளோக் மாறும். உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ கேளுங்கள், அவர்கள் விளையாடிய விதமே உங்கள் வீட்டு விதியாக இருக்கட்டும்.

கல்லைத் துவைக்காதீர்கள். அழுக்கானால் ஈரத்துணியால் லேசாகத் துடைத்து உடனே காயவையுங்கள். பாவாடைப் பையில் மறந்து சலவை இயந்திரத்துக்குள் போய்விட்டால், தையலைப் பிரித்துப் பயற்றைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்; இல்லையென்றால் உள்ளேயே முளைவிட்டுவிடும்.