வீட்டிலேயே பேண்ட் ரெக்கார்டிங்: தாளம் தள்ளிப் போகாமல் பதிவு செய்வது எப்படி?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்ய முயன்றோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின. எல்லா வாத்தியமும் எல்லா மைக்கிலும் விழுந்ததால், கிட்டாரில் ஒரு கார்டு தவறினால்கூட அதை மட்டும் திருத்த முடியவில்லை. உங்களிடமும் இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் (மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) இருக்கிறது என்றால், ஒவ்வொருவராகப் பதிவு செய்யுங்கள்.

1. கிளிக். பாட்டின் வேகத்தை முதலில் முடிவு செய்து, கிளிக்கோடு (சாஃப்ட்வேர் தரும் ‘டிக் டிக்’ தாளச் சத்தம்) ஒரு கிட்டாரும் முணுமுணுப்பும் பதிவு செய்யுங்கள். இது வழிகாட்டி டிராக் மட்டுமே, பிறகு அழித்துவிடலாம். அதன் மேல் கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி வாத்தியம்), பேஸ், கிட்டார், கீபோர்டு, கடைசியில் குரல்.

2. சாம்பிள் ரேட், அதாவது ஒரு செகண்டுக்குச் சத்தத்தை எத்தனை முறை அளந்து பதிவு செய்கிறோம் என்பது. 48000 ஹெர்ட்ஸ், 24 பிட். கீபோர்டு வாசிப்பவர் தன் வீட்டில் பதிவு செய்து அனுப்பினாலும் இதே அளவுதான்.

3. லெவல். “கொஞ்சம் வாசி, பார்ப்போம்” என்றால் எல்லோரும் மெதுவாகத்தான் வாசிப்பார்கள். பாட்டிலேயே சத்தமான இடத்தை வாசிக்கச் சொல்லி, சாஃப்ட்வேர் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்குமாறு இன்டர்ஃபேஸின் கெயினை (இன்புட் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி) வையுங்கள். சத்தம் குறைந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். உடைந்த சத்தத்தை ஒட்ட வைப்பது மிகக் கடினம்.

4. தாமதம். புதிதாகத் தொடங்குபவர்கள் மனம் உடைவது இங்கேதான். பாடகருக்குத் தன் குரல் ஹெட்போனில் பிந்திக் கேட்கும், தாளம் தப்பும், “எனக்குத்தான் வரவில்லை” என்று நினைத்துக்கொள்வார். அவர் மேல் தவறில்லை. கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துத்தான் கையாளும், அந்த அளவுதான் பஃபர். அது 1024 சாம்பிள் என்றால் உள்ளே வர 21 மில்லி செகண்ட், வெளியே போக இன்னொரு 21. அதை 128 ஆக்கினால் ஒரு பக்கத்துக்கு மூன்று மில்லி செகண்டுக்கும் குறைவு. விண்டோஸில் இன்டர்ஃபேஸோடு வரும் ஆசியோ (ASIO, தாமதத்தைக் குறைக்கும்) டிரைவரையே தேர்ந்தெடுங்கள். பஃபரைக் குறைத்ததில் சத்தம் பொரிந்தால், ரிவெர்ப் (எதிரொலி) போன்ற எஃபெக்ட் பிளகின்களை அணைத்துப் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது, பாடுவது உடனே காதுக்கு வந்துவிடும். அப்போது சாஃப்ட்வேரில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும்.

சரி, காதில் எல்லாம் சரியாக இருந்தும் திரும்பப் போட்டால் கஹோன் கிளிக்குக்குப் பின்னால் விழுகிறதா? ரிச்சி தெருவில் ஒரு சின்ன கேபிள் வாங்குங்கள். இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை அதன் லைன் இன்புட்டிலேயே செருகி, எல்லா மானிட்டரையும் அணைத்துவிட்டு, கிளிக்கைப் புது டிராக்கில் பதிவு செய்யுங்கள். அசல் கிளிக்குக்கும் பதிவான கிளிக்குக்கும் நடுவே எத்தனை சாம்பிள் இடைவெளி என்று பெரிதாக்கிப் பார்த்து, அந்த எண்ணை சாஃப்ட்வேரின் ரெக்கார்டிங் ஆஃப்செட்டில் (பதிவை முன்னே நகர்த்திச் சரிசெய்யும் அமைப்பு) கொடுங்கள். பஃபரை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

5. அறை. ஃபேனையும் ஏசியையும் அணையுங்கள். மே மாதத்தில் இது கொடுமைதான். அதனால் நாங்கள் இரவு பத்தரைக்கு மேல், ஒரு டேக் முடிந்ததும் ஃபேனைப் போட்டு ஐந்து நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொண்டோம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டிப் பாடச் சொல்லுங்கள். எதிரொலி நன்றாகவே குறையும். கிட்டாரில் ‘ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

அப்புறம், குரல் பதிவுக்குக் காதை முழுதாக மூடும் ஹெட்போன்தான். பாட்டு அடங்கும் கடைசி வரியில் கிளிக்கை நிறுத்திவிடுங்கள், அங்கேதான் அது மைக்கில் கசியும்.