ஒரு பக்கமா சாஞ்ச பவழமல்லிய வெட்டி சரி பண்றது எப்படி

ஆலங்குளம், தென்காசி பக்கம் வீட்டு வளவுல நிக்கிற மரத்த பாத்தீங்கன்னா பாதி கெழக்க பாத்துதான் சாஞ்சிருக்கும், ஆனி ஆடில மலைக் கணவாய் வழியா வர்ற மேகாத்து அடிச்சு அடிச்சு மேக்கு பக்கத்து தளிரெல்லாம் காஞ்சு நின்னுரும், கெழக்க மட்டும் கொப்பு கொப்பா ஓடும். எங்க வீட்டு பவழமல்லியும் அப்படித்தான். அஞ்சு வருசம் முன்ன ஆள் வச்சு கெழக்கு பக்கத்த மொத்தமா அருவாளால சீவி விட்டோம், அடுத்த மழைக்கு அதே எடத்துலதான் வாரியக்குச்சி மாதிரி நெருக்கமா கெளம்பிச்சு, மேக்க அப்படியே மொட்டையா கெடந்துச்சு. ரொம்ப வருத்தமாப் போச்சு. வேகமா வளர்ற பக்கத்த ஒட்ட வெட்டுனா இன்னும் வேகமாத்தான் துளிர்க்கும், அத பொறவுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அதனால தடிச்ச பக்கத்துல கொஞ்சமா வெட்டுங்க, மெலிஞ்ச பக்கத்துலதான் நல்லா எறக்கி வெட்டணும்.

பூ முடிஞ்சு தை கடைசி, மாசில வெட்டுங்க. மழைல வெட்டுவாய் காயாது, சித்திரைலன்னா நெழல்ல இருந்த பட்டை திடீர்னு வெயில் பட்டு வெந்துரும். அருவா வேண்டாம், எவ்வளவு பதமா இருந்தாலும் பட்டைய நார் நாரா பிச்சிரும். பெருவிரல் கனம் வரைக்கும் செடி வெட்டுற கத்தரி, அதுக்கு மேல கை ரம்பம், ரெண்டையும் ஸ்பிரிட் போட்டு தொடச்சுக்கோங்க. கரண்டு கம்பி பக்கத்துல கொப்பு போச்சுன்னா நீங்க தொடாதீங்க, ஈபில சொல்லுங்க.

மொதல்ல பட்டுப்போனது, ஒண்ணோட ஒண்ணு உரசுறது இதெல்லாம் எடுங்க. அப்புறம் பத்தடி தள்ளி நின்னு சுத்தி பாருங்க. கெழக்க நீளமா ஓடுற கொப்ப பாதில மொட்டையா வெட்டாம, அதுல மேல பாத்தோ மேக்க பாத்தோ போற பக்கக் கொப்பு ஒண்ணு இருக்கும்ல, அது பிரியுற எடத்துல வெட்டுங்க, இனி அதுதான் நுனி. ஒரு வருசத்துல மொத்த இலைல கால்வாசிக்கு மேல போகக் கூடாது.

பெரிய கொப்புன்னா மூணு வெட்டு. மரத்துல இருந்து ஒரு அடி தள்ளி அடியில இருந்து கால்வாசி அறுங்க, அதுக்கு ரெண்டு விரக்கடை வெளிய மேல இருந்து அறுத்தா கொப்பு பட்டைய உரிக்காம விழும். மிச்ச கட்டைய, கொப்பு தொடங்குற எடத்துல மோதிரம் மாதிரி ஒரு வீக்கம் இருக்கும் பாருங்க, அத தொடாம அதுக்கு வெளிய அறுங்க, அந்த வீக்கத்துல இருந்துதான் காயம் மூடி வரும். சாணி, பெயின்ட் எதுவும் பூச வேண்டாம்.

மேக்க இருக்கிற மெலிஞ்ச குச்சிய மூணுல ஒரு பங்கு விட்டுட்டு மீதிய வெட்டிருங்க. பவழமல்லி குச்சி நாலு பட்டையா இருக்கும், சொரசொரன்னு இலை ரெண்டு ரெண்டா எதிரெதிரா வரும், அதனால கணுவுக்கு மேல வெட்டுனா ரெண்டு பக்கமும் துளிர்க்கும். உள்ள பாத்து வர்ற துளிர நகத்தால கிள்ளிட்டு வெளிய பாத்தத மட்டும் விடுங்க.

அப்புறம் அடுத்த மாசி வரைக்கும் ரம்பம் எடுக்காதீங்க, நேரா கெளம்புற குச்சிய மட்டும் பிஞ்சுலயே ஒடிச்சு விட்டா போதும். எங்க மரத்துக்கு இப்படி மூணு மாசி ஆச்சு, போன பொரட்டாசில மேக்கு சொவரு ஓரமாவும் பூ கெடந்துச்சு.