பிரிண்டரும் போனும் ஒரே ஐபிக்கு அடிச்சுக்கிட்ட கதை

வீட்ல பிரிண்டர் காலையில நல்லா ஓடும், சாயங்காலம் ஆனா ஆஃப்லைன்னு காட்டும். கம்ப்யூட்டர்ல ஏஆர்பி டேபிளை, அதாவது எந்த ஐபி எந்த மெஷினோடதுன்னு காட்டுற லிஸ்டைப் பாத்தா, பிரிண்டரோட ஐபியான (நெட்வொர்க்ல அதோட முகவரி) 192.168.1.20க்கு நேரா இருந்த மேக் அட்ரஸ் (ஒவ்வொரு மெஷினுக்கும் இருக்கற அடையாள நம்பர்) பிரிண்டரோடதே இல்ல, தம்பியோட போனோடது. அந்த ஐபியை பிரிண்டர்ல கையால போட்டு வச்சிருக்கு, ஆனா ரவுட்டர்ல ஐபியைப் பிரிச்சுக் குடுக்கற டிஹெச்சிபிக்கு அது எப்படித் தெரியும், 2ல இருந்து 254 வரைக்கும் எல்லாம் தன்னோடதுன்னு, பிரிண்டர் ஆஃப்ல இருக்கறப்ப காலி மனைன்னு நினைச்சு போனுக்குத் தூக்கிக் குடுத்துடுது. டிஹெச்சிபி எடுத்துக் குடுக்கற நம்பர் வரம்பை (பூல்) 100-200ன்னு சுருக்கிட்டு ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணேன், போன் புது நம்பர் வாங்கிக்கிச்சு, சண்டை முடிஞ்சுது. டிவி, கேமராவுக்கெல்லாம் ரவுட்டர்லயே மேக் வச்சு ஆளுக்கு ஒரு ஐபியை ரிசர்வ் பண்ணிட்டேன், எனக்கு அதான் பிடிச்ச வழி, எல்லாம் ஒரே இடத்துல தெரியும். போனுக்கு ரிசர்வ் பண்றவங்க மட்டும் அதுல ரேண்டம் மேக்கை (நிஜ மேக்குக்குப் பதிலா வேற ஒண்ணைக் காட்டுற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டுப் பண்ணுங்க, இல்லன்னா ஒட்டாம போகலாம்.